கத்தி தீட்டுவது: பிசிறை எழுப்பணும், அப்புறம் பிசிறை எடுக்கணும்

தக்காளித் தோலில் கத்தி வழுக்குகிறது, சின்ன வெங்காயம் நறுக்கப்படுவதற்குப் பதிலாக நசுங்குகிறது என்றால் புதுக் கத்தி வாங்க ஓடாதீர்கள். வீட்டில் இருப்பதையே முன்கை முடியை மழிக்கும் அளவுக்குக் கூராக்கலாம். ஒரு தண்ணீர்க் கல் (தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் தீட்டுக்கல்), ஒரு தோல் துண்டு, நல்ல வெளிச்சம் இவை போதும். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி இடம் தாராளம். நடுவில் கத்தியை விட்டு இழுக்கிற வி வடிவக் கருவியை மட்டும் வாங்காதீர்கள். அது எஃகைச் சுரண்டிப் பிய்த்துவிடும், அன்றைக்கு வெட்டும், கொஞ்ச நாளில் பழையபடி மழுங்கிவிடும்.

முதலில் பிசிறு என்றால் என்ன என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த வேலை முழுவதும் அதைச் சுற்றித்தான். கல்லில் ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால், அந்தப் பக்கச் சரிவு மறுபக்கச் சரிவைப் போய்த் தொடும். அப்போது விளிம்பில் மிச்சமிருக்கும் மெல்லிய எஃகு, தாங்க முடியாமல் மறுபக்கமாக மடங்கிக்கொள்ளும். அதுதான் பிசிறு. பிசிறு வந்த இடத்தில் வாய் வரைக்கும் தேய்த்தாயிற்று என்று அர்த்தம். வராத இடத்தில் கல் இன்னும் விளிம்பைத் தொடவே இல்லை. நிறையப் பேர் 1000 எண் கல்லில் பிசிறு வருவதற்கு முன்பே அதைவிட நுண்மையான 6000 எண் கல்லுக்குத் தாவி, பிறகு தோலிலும் நெடுநேரம் இழுத்துவிட்டு, கத்தி கண்ணாடி மாதிரி மின்னுகிறது ஆனால் வெட்டவில்லை என்பார்கள். மினுமினுப்பு வேறு, கூர்மை வேறு.

கல்லைப் பொறுத்தவரை, எண் கூடக் கூடப் பொடி நுண்மையாகும். வாயில் பொக்கை விழுந்த கத்திக்கு 400, சாதாரணமாக மழுங்கியதற்கு 1000, மெருகுக்கு 3000 முதல் 6000 வரை. ஒரே ஒரு கல்தான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் 1000 வாங்குங்கள். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 உள்ள ஜப்பானியக் கிங் கல் தொடக்கக்காரர்களுக்கு நன்றாகப் பொருந்தும். லசாடா, ஷாப்பி இணையக் கடைகளில் கிடைக்கும், ஆனால் கையில் தூக்கிப் பார்த்து வாங்க விரும்பினால் சைனாடவுன் டெம்பிள் ஸ்ட்ரீட் பக்கம் உணவகங்களுக்குப் பாத்திரம் விற்கிற கடைகளுக்குப் போய்வரலாம். கிங் மாதிரிக் கல்லைக் குமிழி நிற்கும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். ஷாப்டன் குரோமாக்கு கல்லை ஊற வைக்கக் கூடாது, மேலே தண்ணீர் தெளித்தாலே போதும்.

பழகுவதற்குத் தாய்லாந்துக் கிவி கத்தி நல்லது. விலை குறைவு, தகடு மெல்லியது, எஃகு மென்மையானது, பிசிறு சீக்கிரம் எழும். மீன் தலையைப் பிளக்கிற கனமான வெட்டுக்கத்தியில் பழகாதீர்கள். அதற்கு ஒவ்வொரு பக்கமும் கல்லோடு 15 டிகிரிக் கோணம் வைத்துத் தீட்டினால் முதல் எலும்பிலேயே வாய் உடைந்துவிடும், பக்கத்துக்கு 25 டிகிரி இருந்தால்தான் தாங்கும். சோலிங்கன் கத்திகள் போன்ற ஜெர்மானிய வகைக்கு ராக்வெல் கடினம் (எஃகு எவ்வளவு கடினம் என்பதற்கான அளவு) 56, 58 வாக்கில் இருக்கும், அதற்குப் பக்கத்துக்கு 20 டிகிரி வைக்கலாம். ஜப்பானிய விஜி-10 எஃகு 60ஐ ஒட்டியது, 15 டிகிரியைத் தாங்கும்.

கோணத்தைப் பார்த்தால்தான் புதியவர்களுக்குப் பயம். நம் ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது புழக்கத்தில் உள்ளது 2.5 மி.மீ. தடிமன். முதுகிலிருந்து வாய் வரை 45 மி.மீ. அகலமுள்ள கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகுக்கு அடியில் நான்கு நாணயம் அடுக்குங்கள். முதுகின் பாதித் தடிமனையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 15 டிகிரி வந்துவிடும். ஆறு நாணயம் அடுக்கினால் 20ஐ ஒட்டி. அகலம் குறைந்த கத்திக்கு நாணயமும் குறையும். இந்த உயரத்தைக் கண்ணும் மணிக்கட்டும் பழகிக்கொண்டதும் நாணயத்தை எடுத்துவிட்டுத் தேயுங்கள். ஒரு டிகிரி முன்னே பின்னே போனால் குடி முழுகாது, ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் கோணம் ஆடினால் விளிம்பு உருண்டு போகும். சரியான இடத்தில்தான் தேய்கிறதா என்று தெரிய, அழியாத மை மார்க்கரால் இரண்டு பக்க விளிம்பிலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான்கைந்து இழுப்புக்குப் பிறகு மை வாயோரத்தில் மிச்சமிருந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும், மேல்பக்கம் மிச்சமிருந்தால் இறக்க வேண்டும்.

கல்லுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. வலது கையில் பிடி, இடது கை விரல்கள் இரண்டோ மூன்றோ தகட்டின் மேல், வாய்க்குக் கொஞ்சம் தள்ளி. விரல் எங்கே அழுத்துகிறதோ அங்கேதான் எஃகு தேயும், ஆகவே பிடிப் பக்கத்தில் தொடங்கி நுனி வரை விரலை நகர்த்திக்கொண்டே போங்கள். நுனி வளையும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்துங்கள், இல்லாவிட்டால் அங்கே கல் படாது. எவ்வளவு அழுத்தம் என்று கேட்டால், சமையலறைத் தராசின் மேல் விரலை வைத்து ஒரு கிலோ காட்டும் வரை அழுத்திப் பாருங்கள், தொடக்கத்தில் அவ்வளவு போதும். கறுப்பாகச் சேறு சேரும், அதைக் கழுவித் தள்ள வேண்டாம், அதுவும் தேய்க்கிறது. காய்ந்தால் மட்டும் சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.

கொஞ்ச நேரம் ஒரே பக்கம் தேய்த்த பிறகு, கட்டைவிரலை மறுபக்கத்தில் முதுகிலிருந்து வாயை நோக்கிக் குறுக்காகத் தடவி, விளிம்பைத் தாண்டி வெளியே எடுங்கள். நீளவாட்டில் ஒருபோதும் தடவாதீர்கள். பிசிறு இருந்தால் விளிம்பில் ஏதோ சொரசொரவென்று தட்டுப்படும். பிடியோரம், நடு, நுனி, மூன்று இடத்திலும் தட்டுப்பட வேண்டும். ஒரு இடத்தில் இல்லையென்றால் அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும், இதில் சமரசமே கிடையாது. பிறகு மறுபக்கமும் அதே மாதிரி, பிசிறு இந்தப் பக்கத்துக்கு மாறும் வரை.

இனி எழுப்பியதை எடுக்க வேண்டும். இதைத்தான் பலர் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். அதே 1000 கல்லில் அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து, பக்கத்துக்கு ஐந்து, மூன்று, பிறகு ஒன்று ஒன்றாக மாற்றி மாற்றித் தேயுங்கள். கடைசி இழுப்புகளில் வாய் முன்னால் போக வேண்டும், கல்லிலிருந்து ஒரு மெல்லிய ஏட்டைச் சீவி எடுக்கப் போவது போல, கத்தியின் சொந்தக் கனம் மட்டும் கல்லில் பட. இந்த நிலையிலேயே தமிழ் முரசு நாளிதழின் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து வெட்டிப் பாருங்கள். சரசரவென்று கிழியாமல் இறங்கினால் சரி. எங்காவது சிக்கினால் அங்கே பிசிறு மிச்சம், அல்லது அங்கே பிசிறே வரவில்லை. 1000இல் தாள் வெட்டாத கத்தி 6000இலும் வெட்டாது, அதனால் திரும்பிப் போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

6000இல் அதே கோணம், பாதி அழுத்தம், குறைந்த நேரம். அதன் பொடி ஏறத்தாழ 2 மைக்ரான்தான், கீறல்களை நுணுக்கும், வடிவத்தை மாற்றாது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: தக்காளி, மிளகாய், கோழித்தோல் எல்லாம் வெட்டுவதற்கு 1000 அல்லது 3000இல் நிறுத்திய வாய்தான் நன்றாகக் கடிக்கும். 6000 வரை போவது மீனைத் தாளாகச் சீவுகிறவர்களுக்கும், கூர்மையை ரசிக்கிறவர்களுக்கும். நான் இரண்டாவது ரகம், அதனால் போகிறேன்.

அப்புறம் தோல். முன்பு முடிதிருத்தும் கடைகளில் நாற்காலிப் பக்கத்தில் தொங்கிய வாரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. தொங்கும் வார் கத்திக்கு வேண்டாம், அது வளைந்து விளிம்பை உருட்டிவிடும். பழைய தோல் பெல்ட்டை நேரான பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள், மெத்தென்று இல்லாமல் கெட்டியாக இருந்தால் நல்லது. மேலே பச்சைப் பசை, அதாவது குரோமியம் ஆக்சைடு, மெழுகுக் குச்சியால் கிறுக்குவது போல் லேசாகப் பூசுங்கள், அப்ப வேண்டாம். இங்கே முதுகுதான் முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும், மாறினால் தோல் அறுந்துவிடும். இழுப்பின் முடிவில் மணிக்கட்டைத் தூக்கித் திருப்பாதீர்கள், அந்த ஒரு நொடியில் உழைத்ததெல்லாம் மழுங்கும். நிறுத்திவிட்டு நேராகத் தூக்குங்கள். பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு போதும். அழுத்தினால் தோல் அமுங்கி வாயைச் சுற்றி எழும்பி உருட்டும், எனவே கத்தியின் கனம் மட்டும். எல்லாம் சரியாக அமைந்திருந்தால் முன்கை முடி தொட்டதும் விழும், செய்தித்தாளை அதன் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டினாலும் சத்தமில்லாமல் இறங்கும்.

நம் ஊர் ஈரக்காற்றை மறக்கக் கூடாது. தோலை அலமாரிக்குள் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வையுங்கள். கல்லையும் அப்படியே, நிழலில் ஆற விடுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கலாம். கார்பன் எஃகுக் கத்தியை எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கியபின் ஈரத்தோடு விட்டால் சாப்பிட்டு முடிப்பதற்குள் துரு எட்டிப்பார்க்கும். உடனே கழுவித் துடையுங்கள். தீட்டிய கத்தியை நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் அட்டையில் சுற்றிப் பெட்டியில் போட்டு நேராகப் போய்வாருங்கள். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம்.

கண்ணாடிப் பலகையிலும் கருங்கல் மேடையிலும் வெட்டாமல் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ வெட்டினால் இந்த வாய் நீண்ட நாள் நிற்கும். வாரம் ஒருமுறை தோலில் இழுங்கள். தோல் மீட்டுக்கொடுக்காத நாள் வந்தால் 1000 கல்லை எடுங்கள், ஆனால் அதற்கு முன் கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, சமமான தரைக்கல்லில் நீரில் நனைத்த உப்புத்தாளை விரித்து, எல்லாக் கோடும் அழியும் வரை தேய்த்து மட்டமாக்குங்கள். நடுவில் குழி விழுந்த கல்லில் எவ்வளவு கவனமாகத் தேய்த்தாலும் கோணம் நிற்காது.