ஹவ்ருத்தா படிப்புக்குத் தல்மூத் வாங்குகிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

தாஃப் யோமி என்ற தினசரிப் படிப்பு முறையின் கணக்கில், யூதச் சட்ட விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூத் மொத்தம் 2,711 தாள். தினம் ஒரு தாள் என்று ஓடுபவர்களுக்கு முழுத் தொகுதி தேவைதான். ஹவ்ருத்தாவாக, அதாவது இருவர் எதிரெதிரே உட்கார்ந்து வாதிட்டு ஆழமாகப் படிப்பதற்கு, ஒரே ஒரு மசேக்தாவை (தல்மூதின் ஒரு நூல்பகுதியை) வாங்கினால் போதும். ஒரு தாளுக்கே ஒரு வாரம் பிடிக்கலாம்.

அதிகம் நடக்கும் தவறு, இருவரும் வெவ்வேறு பக்க அமைப்பில் வாங்குவது. 1880களில் வில்னாவின் ரோம் அச்சகம் பதிப்பித்த அமைப்பே இன்றும் பொது வழக்கு: நடுவில் கெமாரா (தல்மூதின் மூலப் பாடம்), தைப்பு ஓரத்தில் ராஷியின் உரை, வெளி ஓரத்தில் தோசஃபோத் (பிற்கால உரையாசிரியர்களின் விவாதக் குறிப்புகள்). அறிஞர் ஸ்டைன்சால்ட்ஸின் பழைய ஹீப்ரு தொகுதிகள் இந்த அமைப்பை மாற்றியவை. ஒருவரிடம் அது, மற்றவரிடம் வில்னா என்றால், 'எந்த வரி?' என்று தேடுவதிலேயே பொழுது போகும்.

கையடக்கப் பதிப்பு வாங்கும்போது பின்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ரோஷ், மஹர்ஷா போன்ற கூடுதல் உரைகள் எல்லாம் அங்கேதான் இருக்கும், சிலவற்றில் விட்டிருப்பார்கள். மஹர்ஷா இல்லாமல் தோசஃபோத்தில் சிக்கினால் மீள்வது கடினம்.

ஓரத்தில் இருப்பதெல்லாம் ராஷி என்று நம்புவதும் பிசகு. பாவா பத்ரா மசேக்தாவில் 29ஆம் தாளோடு ராஷி நின்றுவிடுகிறார், பிறகு அவருடைய பேரன் ரஷ்பாம் தொடர்கிறார். நெதாரீம் மசேக்தாவில் ராஷி பெயரில் அச்சான உரை அவருடையதல்ல என்பது பரவலான கருத்து. அங்கே ரான் உரையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்பை மேசை நடுவில் விரித்து வைக்காதீர்கள். தொடக்கக்காரர்களுக்கு வழக்கமாகத் தருவது பாவா மெட்சியா மசேக்தாவின் இரண்டாம் அத்தியாயம். அதன் 21ஆம் தாளில், பொருள் தொலைந்ததே உரியவருக்குத் தெரியாதபோது, அவர் அதைக் கைவிட்டதாகக் கொள்ளலாமா என்று தல்மூத் அறிஞர்களான அபாயேயும் ராவாவும் மோதுகிறார்கள். தீர்ப்பு அபாயே பக்கம் என்பது அடிக்குறிப்பில் முதலிலேயே கண்ணில் பட்டுவிட்டால், ராவாவுக்காக வாதாட யாருக்கு மனம் வரும்? ஆர்ட்ஸ்க்ரோல் மொழிபெயர்ப்பு இருக்கட்டும், அலமாரியில். ராஷியைப் படித்தும் இருவருக்கும் பொருள் பிடிபடாதபோது மட்டும் எடுங்கள்.

ரஷ்பா, ரித்வா, ராம்பன் என்ற மூன்று உரையாசிரியர்களையும் முதல் நாளே அடுக்கினால் கெமாராவே மறந்துபோகும். ஒருவர் போதும்.

அகராதி என்றால், ஜாஸ்ட்ரோவின் அகராதி வினைச்சொற்களை வேர்ச்சொல் வரிசையில் தருவதால் தல்மூதின் அரமேய மொழி இலக்கணம் தெரியாதவர் திணறுவார். ஃப்ராங்கின் அகராதியில் சொல் பக்கத்தில் எப்படி வருகிறதோ அப்படியே தேடலாம்.