கிளினிக் கொப்பியில் 'தேமல்' என்று இருந்தால் எந்தக் கோடு (நோய்க் குறியீடு) போடுவது?

நம்ம மலையகத்தில் தோல் நிறம் மாறினால் எல்லாமே தேமல்தான். லயத்திலும் அதே சொல், கொழுந்து மடுவத்திலும் அதே சொல், சில நேரம் கிளினிக் கொப்பியிலும் அதுவே வந்து நிற்கும். ஆனால் நோய்களுக்குக் கோடு தரும் உலகப் பட்டியலான ஐசிடி-10இல் தேமலுக்கென்று ஒரே கோடு கிடையாது, அதனால் அவசரத்தில் எல் 81.9 (வகை சொல்லாத நிறமாற்றம்) போட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுக்காதீர்கள். அது டாக்டரிடம் கேட்டும் விவரம் கிடைக்காதபோது மட்டும் போடுவது.

முதலில் டாக்டர் எழுதிய குறிப்பை முழுதாக வாசியுங்கள். நிறம் வெளுத்ததா கறுத்ததா, செதில் உண்டா, தொட்டால் தெரிகிறதா? முதுகிலும் நெஞ்சிலும் மெல்லிய செதிலோடு பூஞ்சைத் தேமல் என்றால் பி 36.0. பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய தேமல், அதாவது பிட்டிரியாசிஸ் ஆல்பா, எல் 30.5. பால் வெள்ளையாக இருக்கும் விட்டிலிகோவுக்கு எல் 80. இதை ஊரில் வெண்குஷ்டம் என்பார்கள், அந்தப் பெயரை நம்பி தொழுநோய்க்கான ஏ 30 பக்கம் போய்விடாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பிழையாகப் பதிந்த ஒரு கோடு நோயாளியோடு வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டே வரும்.

இன்னொன்றையும் பாருங்கள். கொழுந்து எடுக்கும் ஓர் அம்மாவின் முழங்கையில் காசு அளவு வெளிறிய வட்டம். கொப்பியில் மேலே தேமல் என்று இருந்தது, கீழே பொடி எழுத்தில் 'உணர்ச்சி குறைவு'. சூடான தேத்தண்ணிக் கோப்பை பட்டும் அந்த இடத்தில் அவருக்குத் தெரியவில்லையாம். இப்படி ஒரு வரி இருந்தால் கோடு போடுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். தொழுநோய் என்று அவர் உறுதி செய்த பிறகுதான் ஏ 30, வகையும் எழுதியிருந்தால் ஏ 30.0, ஏ 30.1 என்று நாலாவது இலக்கம். நாமாக முடிவெடுக்கக் கூடாது.

கறுப்புக்கு வந்தால், முகத்து மங்கு எல் 81.1, புண்ணோ அழற்சியோ ஆறிய இடத்தில் நின்ற கறுப்பு எல் 81.0. உதடு, விரல் நீலமானால் ஆர் 23.0, தோல் மஞ்சளானால் ஆர் 17, ஆனால் காரண நோய் தெரிந்தால் அதற்குரிய கோடுதான் முதலில் வர வேண்டும்.

கடைசியாக, ஐசிடி-10இன் அகரவரிசைப் புத்தகத்தில் கோடு கிடைத்த கையோடு, கோடுகள் வரிசையாக இருக்கும் முதலாம் தொகுதியையும் திறந்து, அந்த இடத்தில் எவை சேராது என்று போட்டிருப்பதைப் பாருங்கள். பிறவி மச்சம் எல் 81இல் வராது, அது கியூ 82.5.