புதிதாக புரோகிராமிங் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகள் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைப் படிக்க வருகிறார்கள். களியக்காவிளை, குழித்துறைப் பிள்ளைகள். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்தும் வருவார்கள். வார நாட்களில் எனக்கு வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். என் செட்டில் எல்லோரும் தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அடைப்புக்குறி விட்டுப்போவது, ஸ்பெல்லிங் பிசகுவது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

எந்த மொழி?

பைத்தான் போதும். மாதம் ஒரு மொழி என்று மாறாதீர்கள்.

நல்ல லேப்டாப் வரட்டும் என்று காத்திருப்பது

4 ஜிபி ராம் உள்ள பழைய மெஷினே தாராளம். விண்டோஸ் திணறினால் அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பாறசாலைப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை; கேரள அரசுப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள்.

சிவப்பு எழுத்தைப் படிக்காமல் விரட்டுவது

புரோகிராமில் தப்பு வந்தால் திரையில் சிவப்பாக வரும் எரர் செய்தியைத்தான் சொல்கிறேன். எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான்.

குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன். அப்பாவுக்கு ரப்பர் வெட்டும் வேலை. ஷீட்டைக் கடையில் போட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதினான். எடையையும் விலையையும் கேட்டு வாங்கி, தொகை = எடை * விலை என்று ஒரு வரி. (பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்.) எடை 12 கிலோ, விலை 180 என்று கொடுத்தான். சிவப்பாக நாலைந்து வரி வந்தது, கடைசியில் டைப் எரர், அதாவது வகை பொருந்தவில்லை என்ற எரர். அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. பெருக்கல் குறியை எடுத்துவிட்டுக் கூட்டல் குறியைப் போட்டான். சிவப்பு போய்விட்டது.

"எக்கா, செரியாயிட்டு!"

திரையில் 12180.

"மக்ளே, 12 கிலோ ஷீட்டுக்குப் பன்னிரண்டாயிரம் எவன் தருவான்?"

வரவேண்டியது 2160. நடந்தது இதுதான்: கீபோர்டில் நாம் எண்ணையே தட்டினாலும், இன்புட் என்ற கட்டளை அதை எழுத்தாகத்தான் கொண்டுவந்து தரும். எழுத்தையும் எழுத்தையும் பெருக்க முடியாது என்று பைத்தான் அந்தக் கடைசி வரியில் தெளிவாகச் சொல்லியிருந்தது. எழுத்தைக் குறிக்கும் எஸ்டிஆர் என்ற சொல்லே அதில் இருந்தது. கூட்டல் போட்டதும் 12-ஐயும் 180-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டது. விலையை மட்டும் இன்ட், அதாவது முழு எண்ணாக மாற்றியிருந்தால் இன்னும் மோசம்: 12 என்பதை 180 தடவை வரிசையாக எழுதித் திரையை நிரப்பியிருக்கும். அதற்கும் எரர் வராது. இரண்டையும் ஃப்ளோட், அதாவது புள்ளி வைத்த எண்ணாக மாற்றியிருக்க வேண்டும். இன்ட் போட்டால், 12.5 கிலோ என்று கொடுக்கும் நாளில் மறுபடி எரர் வரும்.

சிவப்பு வரும்போது தப்பு எங்கே என்று தெரிகிறது. கண்டதை மாற்றி அதை விரட்டிவிட்டால், தப்பு சத்தமில்லாமல் கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஆபீஸ் வேலையிலும் நேரத்தைத் தின்பது இந்த மாதிரி எரரே காட்டாத தப்புகள்தான்.

படிக்கும் முறை இவ்வளவுதான். முதலில் கடைசி வரி: என்ன வகை, என்ன காரணம். அப்புறம் அதற்கு மேலே இருக்கும் வரி எண். உங்கள் புரோகிராமில் அந்த வரியில் ஒன்றும் தெரியவில்லையா, அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். 2021-இல் வந்த பைத்தான் 3.10-இலிருந்து, மூடாத அடைப்புக்குறி எது என்றுகூடக் காட்டுகிறது. பெயரைத் தப்பாக அடித்தால் இதுவா என்று கேட்கிறது. இவ்வளவு சொல்லியும் படிக்காமல் இருந்தால் என்ன செய்வது?

எரரைச் சாட்ஜிபிடியிடம் ஒட்டிக் கேட்பதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் அந்தக் கடைசி வரி என்ன சொல்கிறது என்று உங்கள் தமிழில் ஒரு வரி நோட்டில் எழுதிவிடுங்கள். என் மாடியில் இது கட்டாயம். எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடுகிறது.

இங்கிலீஷ் வராது என்ற பயம்

நேம் எரர், டைப் எரர், இன்டெக்ஸ் எரர், இன்டென்டேஷன் எரர். ஆரம்பத்தில் திரும்பத் திரும்ப வருவது இந்த மாதிரி சிலதுதான். தமிழ் மீடியம் பிள்ளைகள் சீக்கிரமே இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வீடியோவாகப் பார்த்துக்கொண்டே இருப்பது

நிறுத்துங்கள். டைப் செய்யுங்கள்.

உதவி கேட்கும்போது

வாட்ஸ்அப்பில் திரையைச் சாய்வாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அந்தக் கடைசி வரிதான் வெட்டுப்பட்டிருக்கும். புரோகிராம் முழுவதையும் எரர் முழுவதையும் எழுத்தாகக் காப்பி செய்து அனுப்புங்கள். என்ன கொடுத்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்படி வந்தால் குழித்துறையிலிருந்து ரயில் டெக்னோபார்க் பக்கத்துக் கழக்கூட்டம் போய்ச் சேர்வதற்குள் பதில் போட்டுவிடுவேன்.