சோக் இழுத்தால் வராது, தள்ளினால் போகாது

குளிர்ந்து கிடக்கும் பெட்ரோல் இன்ஜின் கிளம்ப, பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது சோக். வேலூர் வெயிலில் அதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதை யாரும் தொடுவதில்லை. சிக்கல் தொடங்குவதே அங்கேதான். மாசி முடிந்ததிலிருந்து சும்மா கிடக்கும் சோக் கேபிள் உறைக்குள்ளேயே துருவேறி இறுகிவிடும். மார்கழி விடியற்காலையில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை ஏற்றிக்கொண்டு நேதாஜி மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது சோக் குமிழைப் பிடித்து ஒரே இழுப்பு. ஒன்று குமிழ் கையோடு வந்துவிடும், இல்லையென்றால் பாதியில் நின்றுகொள்ளும். மார்கழியில் காட்பாடியில் இருக்கும் என் ஷெட்டுக்கு வரும் பழைய பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் இந்தக் கேஸ்தான்.

நான் சொல்வது மகிந்திரா எஃப்.சி.150 போல ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் உள்ள பழைய லோடு வண்டிகளுக்கு. டீசல் இன்ஜின் மாற்றி வைத்திருப்பவர்கள் போய் வேறு வேலை பாருங்கள், உங்களுக்கு சோக்கே கிடையாது.

முதலில் உங்கள் வண்டியில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் எந்தக் கம்பெனி என்று பாருங்கள். கார்ட்டர் என்றால் மேல் வாயில் தட்டையான ஒரு தகடு இருக்கும், பட்டர்ஃபிளை என்போம். குமிழை இழுத்தால் அது வாயை மூடும். காற்று குறையும், உறிஞ்சல் கூடும், பெட்ரோல் அதிகமாக வரும். இடையில் யாராவது சோலெக்ஸ் மாற்றியிருந்தால் அங்கே அந்தத் தகட்டைத் தேடாதீர்கள். சோலெக்ஸ் பலவற்றில் பக்கவாட்டில் சின்ன நெம்புகோலும் உள்ளே சுழலும் வில்லையும்தான் சோக் வேலையைச் செய்யும். அந்த நெம்புகோல் பழைய இடத்துக்கு முழுக்கத் திரும்பி வராவிட்டால் வண்டி பெட்ரோலைக் குடித்துக்கொண்டே ஓடும். இந்த ரகத்தில் ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டரில் காலை வைக்கவே கூடாது. வைத்தால் உறிஞ்சல் குறைந்து சோக் வேலை செய்யாது.

கார்ட்டருக்கு வருவோம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி எடுத்திருக்க வேண்டும். எஃப்.சி.யில் இன்ஜின் சீட்டுகளுக்கு நடுவே கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அதனால் மூடியைத் திறந்தபின் பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, ஒருவர் குமிழை இழுக்க, ஒருவர் டார்ச் அடித்துத் தகட்டைப் பார்க்க வேண்டும். முழுக்க இழுத்தால் தகடு வாயை அடைக்க வேண்டும், முழுக்கத் தள்ளினால் செங்குத்தாக நிற்க வேண்டும். தள்ளிய பிறகும் சாய்ந்தே நின்றால் கேபிள் கட்டு தப்பு. கட்டுத் திருகைத் தளர்த்துங்கள். குமிழை முழுக்கத் தள்ளி, பிறகு 3 மி.மீ. மட்டும் வெளியே இழுத்து வையுங்கள். தகட்டை விரலால் முழுக்கத் திறந்து பிடித்தபடியே திருகை இறுக்குங்கள். அந்த 3 மி.மீ. தளர்வு இருந்தால்தான் குமிழை உள்ளே தள்ளும்போது தகடு கடைசிவரை திறக்கும்.

கேபிளே இறுகியிருந்தால் குமிழ் முனை வழியாகக் கொஞ்சம் மெல்லிய ஆயில் விட்டு, அப்படியும் இப்படியும் மெல்ல அசையுங்கள். உறை மடிந்து நசுங்கியிருந்தால் ஆயில் போட்டுப் பயனில்லை, புதுசுதான். அவசரத்துக்குச் சைக்கிள் பிரேக் வயரைப் போட்டு அனுப்பும் வழக்கம் நம் ஊரில் உண்டு. போடாதீர்கள். சோக் கேபிளின் உள்ளே இருப்பது விறைப்பான ஒற்றைக் கம்பி. அது இழுக்கவும் வேண்டும், திரும்பத் தள்ளவும் வேண்டும். பிரேக் வயர் முறுக்குக் கம்பி, இழுக்கும். தள்ளினால் வளைந்து மடங்கிவிடும். குமிழ் உள்ளே போய்விட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், தகடு பாதி மூடியே கிடக்கும்.

தகட்டின் அச்சில் பிசின் ஏறியிருந்தால் சின்ன பிரஷ்ஷில் கார்புரேட்டர் கிளீனர் தொட்டுக் கழுவுங்கள். கிரீஸ் வைக்க வேண்டாம், பாலாற்று மணல் தூசி முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும். தகட்டைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளைக் கழற்றவே கூடாது. கழன்று வரக்கூடாதென்றே கம்பெனியில் அவற்றின் முனையை நசுக்கிவிட்டிருப்பார்கள். ஒன்று தவறி உள்ளே விழுந்தால் வால்வோடு விளையாடும்.

சோக் பாதி மூடியிருப்பது பெங்களூரு ரோட்டில் லேசான லோடோடு போனால் தெரியாது. ஏலகிரி ஏறினால் தெரிந்துவிடும். 14 கொண்டை ஊசி வளைவு, மேலே போகப்போகக் காற்று அடர்த்தி குறையும், கலவையில் பெட்ரோல் பங்கு தானாகவே கூடும். அதன்மேல் சோக்கும் சேர்ந்தால் கறுப்புப் புகை, இழுவை போச்சு. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உலர்ந்த கரி அப்பியிருக்கும். தகடு செங்குத்தாக நின்றும் இதே கதை என்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் மட்டத்தையும் நீடில் வால்வையும் பாருங்கள், ஏர் ஃபில்டர் கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கு நேர்மாறானது, சோக் இழுத்தால் ஓடுகிறது, தள்ளினால் நிற்கிறது என்ற புகார். உடனே எல்லோரும் சோக் போய்விட்டது என்பார்கள். சோக் நன்றாக இருப்பதால்தான் வண்டி ஓடுகிறது ஐயா! ஸ்லோ ஜெட், அதாவது இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது பெட்ரோல் வரும் சின்னத் துளை, அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டருக்கு அடியில் கேஸ்கட் காற்று விடும். இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது கேஸ்கட் ஓரத்தில் சில சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்கள். சத்தம் ஒரு நொடி சீரானால் ஓட்டை அங்கேதான். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும், அதனால் காலையில் சோக்கை முன்பைவிட நேரம் கழித்துத் தள்ள வேண்டிவரலாம். பழைய ரப்பர் குழாய்களையும் அந்தப் பெட்ரோல் கெடுக்கும், தொட்டுப் பாருங்கள்.

பெட்ரோல் நிரம்பி பிளக் நனைந்துவிட்டால் சோக்கை முழுக்கத் தள்ளி, ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விட்டால் கார்புரேட்டரில் இருக்கும் ஆக்சிலேட்டர் பம்ப் இன்னும் பெட்ரோல் ஊற்றும். செல்ஃபையும் விட்டு விட்டு அடியுங்கள், பேட்டரி பாவம்.

அக்னி நட்சத்திர மதியத்தில் டீக்கடையில் நிறுத்திய வண்டி திரும்ப எடுக்கவில்லை என்றால் சோக் பக்கமே போகாதீர்கள். குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும். மூடியைத் திறந்து வைத்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு இன்னொரு டீ சொல்லுங்கள்.