பினாங்கிலிருந்து சோழமண்டலக் கரைக்கு: கடல்மேகம் பார்க்கச் செல்வோர் அறிய வேண்டியவை

பினாங்குத் தமிழர் பலர் தீபாவளி விடுமுறையிலும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையிலும்தான் தமிழ்நாட்டுக்குச் செல்கிறோம். அந்த மாதங்களே அங்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், மழையைப் பயணத்துக்கு இடையூறாக எண்ணித் தங்கும் விடுதிக்குள் முடங்கிவிடுவோர் மிகுதி. கோயில்களுக்கும் துணிக்கடைகளுக்கும் ஒதுக்கிய நாள்களில் ஒரு விடியலையாவது, கடலிலிருந்து மேகம் கரையேறுவதைப் பார்க்க ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நம் பத்து பிரிங்கிக் கடற்கரையில் வானம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தமிழ்நாட்டின் கிழக்குக் கரையான சோழமண்டலக் கரையில் திசையும் நேரமும் மாறிவிடும் என்பதை முன்பே அறிந்து செல்ல வேண்டும்.

நம் தீவில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், சுமத்ராவின் மேலும் மலாக்கா நீரிணையின் மேலும் இரவில் திரளும் இடிமேகங்கள் நீண்ட வரிசையாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ பலத்த காற்றுடன் கரையை அடைகின்றன. கடலைப் பார்த்து நிற்பவருக்கு அவை வருவது தெரியும். அதே மாதங்களில் சென்னைக்குச் சென்று கடலையே பார்த்து அமர்ந்திருந்தால் மழை முதுகுப்புறமாக வந்துவிடும். பகல் வெயிலில் காய்ந்த உள்நிலத்தின் மேல் உயரும் மேகங்களை மேலடுக்குக் காற்று கிழக்கே தள்ளுவதால், அவை மாலையிலோ இரவிலோ ஊரைக் கடந்து கடற்கரைக்கு வருகின்றன. எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்வோர் மெரினாவில் அமர்ந்திருக்கும்போது அடிக்கடி மேற்கே திரும்பிப் பார்க்க வேண்டும். சீராக வீசிக்கொண்டிருந்த கடற்காற்று சட்டென்று நின்று, நிலத்தின் பக்கமிருந்து குளிர்காற்று வீசத் தொடங்கினால் மழை மிக அருகில் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. என் கருத்தில், மேகம் பார்க்க அதைவிடச் சிறந்த காலம் அந்தக் கரைக்கு இல்லை. இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிட, வங்கக்கடலின் நீர் வெப்பத்தை விடாமல் வைத்திருப்பதால், பின்னிரவில் கடலின் மேல் திரள்மேகங்கள் வளர்ந்து வடகிழக்குக் காற்றோடு கரைக்கு வருகின்றன. இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியிருப்பது இங்கே நமக்கு உதவுகிறது. பினாங்கில் ஏழு மணிக்கு எழுந்து பழகியவருக்கு அங்கே முதல் சில நாள்கள் நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஐந்தரை மணிக்குப் பெசன்ட் நகர்க் கடற்கரையிலோ, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலோ, டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கும் தரங்கம்பாடியிலோ இருங்கள். கூட்டம் குறைந்த தரங்கம்பாடியையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது மேகத்தின் அடிப்பகுதியை. அடி தட்டையாகவும் தொடுவானம் அதன் கீழ் தெளிவாகவும் இருந்தால் அந்த மேகம் இன்னும் பொழியவில்லை. தொடுவானக் கோடு ஓரிடத்தில் மட்டும் அழிந்து, கடலும் மேகமும் ஒரே சாம்பல் நிறமாக இணைந்திருந்தால் அங்கே மழை பெய்துகொண்டிருக்கிறது. அந்தச் சாம்பல் திரை வடக்கே நகர்கிறதா, தெற்கே நகர்கிறதா, அல்லது நகராமல் விரிந்துகொண்டே வருகிறதா என்று கவனியுங்கள். நகராமல் விரிவதுதான் உங்களை நோக்கி வருவது. முதல் மழை நனைத்ததும் அறைக்குத் திரும்பிவிட வேண்டாம், பல வேளைகளில் அது சிறிது நேரத்தில் கடந்துபோக, அடுத்த மேகத்துக்கு முன் வெயில் எட்டிப் பார்க்கும்.

மாலையும் வீணாகாது. பத்து பிரிங்கியில் மாலைக் கதிரவன் மேகத்துக்குப் பின்னால் இறங்குவதால் மேகத்தின் நிழல்முகமே நமக்குத் தெரிகிறது. கிழக்குக் கரையிலோ கதிரவன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், கடல்மேகங்களின் முகம் முழுவதும் செம்பொன்னாக ஒளிர்கிறது, கடலின் மேல் மழை பெய்தால் வானவில்லும் தோன்றக்கூடும்.

மின்னலை மட்டும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெட்டவெளி மணலில் நிற்கும் மனிதரே உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான ஒவ்வொரு மூன்று வினாடியும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவைக் குறிக்கும். இடைவெளி முப்பது வினாடிக்குக் குறைந்தால் கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் காத்திருங்கள். தென்னையடியிலும் படகோரத்திலும் ஒதுங்கக் கூடாது.

புயல் வேறு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் தீவைப் புயல்கள் தாக்குவது மிக அரிது என்பதால், அதன் அச்சம் நமக்குப் பழக்கமில்லை. தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பரில். கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலையில். இரண்டுமே நாம் பயணம் செல்லும் பருவம்தான். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைத் தமிழ்ச் செய்திகளில் தவறாமல் கேளுங்கள். 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3 முதல் கடற்கரைத் திட்டத்தைக் கைவிடுங்கள். 5 முதல் அபாயம், 8 முதல் 10 வரை பேரபாயம் என்பதால் அதற்கு முன்பே கரையோர ஊரை விட்டு உள்நாட்டுக்குச் சென்றுவிடுவது நல்லது. செல்ல இயலாமல் அங்கேயே தங்க நேர்ந்தால், காற்று திடீரென ஓய்ந்ததும் வெளியே வராதீர்கள்; புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் ஓயும், பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மீண்டும் வீசும்.