புது போன் வருகிறது, எத்தனை பீஸ் எடுக்கலாம்?

புது மாடல் அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் ஆள் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். டீயைக் குடித்துக்கொண்டே, "அண்ணே, இது பறக்கப் போகுதுங்க, ஒரு இருபது பீஸ் போட்டுடட்டுங்களா" என்பார். கேமரா இவ்வளவு, பேட்டரி இவ்வளவு, சார்ஜர் இவ்வளவு வாட்ஸ் என்று அவர் அடுக்க அடுக்க நாமும் தலையாட்டுவோம். பல்லடம் பக்கம் கடை வைத்திருக்கிறேன், இப்படித் தலையாட்டி வாங்கிய சரக்கில் நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். மாட்டிக்கொண்ட போன்களில் பாதிக்கு மேல் நல்ல போன்கள். என்ன விலைக்கு, எந்த வழியாக, எந்தத் தேதியில், எவ்வளவு சரக்கோடு கம்பெனி அதைச் சந்தைக்கு விட்டது என்பதை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சின்னக் கடை வைத்திருப்பவர்கள் அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. டீலர் விலை 15,000 ரூபாய், பீஸுக்கு 600 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பீஸ் எடுத்தால் மூன்று லட்சம் முடங்கும். முதல் மாதத்தில் 12 போகிறது, 7,200 ரூபாய் லாபம், சந்தோஷம். அடுத்த வாரம் கம்பெனி 1,500 ரூபாய் விலையைக் குறைக்கிறது. மீதி எட்டையும் பீஸுக்கு 900 நஷ்டத்தில்தான் தள்ள முடியும், அதுவும் 7,200. ஆக ஒரு மாதம் நின்று பேசி, கிளாஸ் ஒட்டி, டேட்டா மாற்றிக் கொடுத்து, கையில் மிஞ்சியது பூஜ்யம். மூன்று லட்சத்துக்கு வட்டி தனி. விலை இறங்குமா, எப்போது இறங்கும் என்பதை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதுதான் நம் வேலை, அதற்கான தடயம் வெளியீட்டிலேயே இருக்கும்.

விலையிலிருந்து ஆரம்பிப்போம். புதிய பிராண்டோ, அந்த விலைப் பிரிவில் பேர் இல்லாத பிராண்டோ, அங்கே ராஜாவாக இருப்பவன் விலைக்குச் சமமாக வைத்தால் ஒரு பீஸ்கூட முன்கூட்டி எடுக்காதீர்கள். அமேசானே இதில் விழுந்திருக்கிறது. 2014 ஜூலையில் அமெரிக்காவில் ஃபயர் போனை விட்டபோது நெட்வொர்க்கோடு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டால் 199 டாலர், அப்போது ஐபோனும் அதே விலைதான். அதுவும் ஏடி அண்ட் டி என்ற ஒரே நெட்வொர்க்கில்தான் கிடைக்கும். செப்டம்பரிலேயே ஒப்பந்த விலை 99 சென்ட்டுக்கு வந்துவிட்டது, அந்தக் காலாண்டுக் கணக்கில் அமேசான் 17 கோடி டாலரை நஷ்டமாக எழுத வேண்டியிருந்தது. அமேசான் தாங்கும், நம் கடை தாங்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2018 ஆகஸ்டில் போகோ எஃப்1 வந்தது. ஸ்னாப்டிராகன் 845 சிப், விலை 20,999. அதே சிப்போடு அந்த வருடம் மே மாதம் வந்த ஒன்பிளஸ் 6 ஆரம்ப விலை 34,999. விளம்பரமே வேண்டாம், அந்த இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும். இப்படி முதல் விலையையே அடிமட்டத்தில் வைத்து விடும் போன் சீக்கிரம் பெரிதாக இறங்காது, ஏனென்றால் இறங்க இடம் கிடையாது. ஆனால் அந்த விலையில் கடைக்காரனுக்குக் கொடுக்கவும் ஒன்றும் மிஞ்சாது, அதனால்தான் அவை பெரும்பாலும் ஆன்லைனில் வருகின்றன.

அறிவித்த விலையோடு நிறுத்திவிடாதீர்கள். வெளியீட்டு நாளில் ஒரு வேலை செய்யுங்கள்: ஆன்லைனில் பேங்க் கார்டு தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், வட்டியில்லா இஎம்ஐ எல்லாம் கழித்துக் கையில் என்ன விலைக்கு வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். அதன் பக்கத்தில் உங்கள் எம்ஓபி, அதாவது கடையில் விற்கக் கம்பெனி சொல்லும் விலை. அந்த ஆஃபர்கள் கடைக்கும் உண்டா, உங்கள் ஸ்வைப் மிஷினில் ஓடுமா என்று கம்பெனியின் ஏரியா ஆளிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கஸ்டமர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏனுங்ண்ணா, ஆன்லைன்ல ஆயிரத்து ஐநூறு கம்மியா இருக்குதுங்களே" என்பார். அதற்குப் பதிலாக எவ்வளவு பேசினாலும் கடைசியில் ஓசி டெம்பர்ட் கிளாஸில்தான் வந்து நிற்கும்.

அப்புறம், எந்த வழியாக வருகிறது. இதில்தான் நம் தலையெழுத்தே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி, ஃபிளிப்கார்ட்டில் மட்டும், 12,499 ரூபாயிலிருந்து வந்தது. ஜூலையில் சியோமி எம்ஐ 3, அதே வழி, 13,999. டிசம்பரில் ஒன்பிளஸ் ஒன், அமேசானில், அதுவும் அழைப்பு இருந்தால்தான் வாங்க முடியும். காசை வைத்துக்கொண்டு "எனக்கு ஒரு இன்வைட் கிடைக்குமா" என்று மனிதர்களைக் கெஞ்ச வைத்த காலம் அது. கடை வாடகை இல்லை, டீலர் மார்ஜின் இல்லை, தேங்கும் சரக்கு இல்லை, மிச்சம் பிடித்ததை விலையில் கழித்துவிட்டார்கள். அந்த வருடம் நம் ஆட்கள் பலர் கடையை மூடிவிடலாமா என்றுகூடப் பேசினார்கள்.

ஆனால் அந்த வழிக்கு ஒரு எல்லை இருந்தது. தொட்டுப் பார்த்து, செல்ஃபி எடுத்துப் பார்த்து, அப்பாவிடம் கேட்டு வாங்குகிறவர்கள்தான் நம் ஊரில் நிறைய. ஓப்போவும் விவோவும் அவர்களைப் பிடித்துக்கொண்டன: கடைக்குப் போர்டு, உள்ளே பிராண்டின் சம்பளத்தில் ஒரு ப்ரொமோட்டர் பையன், டீலருக்கு ஸ்கீம் என்ற ஊக்கத்தொகை, டிவியில் ஐபிஎல். ஆன்லைனில் வளர்ந்த சியோமியே 2017-ல் பெங்களூருவில் எம்ஐ ஹோம் என்று கடை திறந்தது. ஆகவே புது மாடல் வரும்போது கேளுங்கள்: கடைக்கு லைவ் டெமோ பீஸ் வருமா, ப்ரொமோட்டர் உண்டா, ஸ்கீம் பணம், கஸ்டமர் போனை ஆன் செய்யும் ஆக்டிவேஷன் மேலேயா, பில் மேலேயா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அந்தக் கம்பெனி கடைவழி விற்க நினைக்கிறது. "வருங்கண்ணா, பார்த்துக்கலாம்" என்று வந்தால், ஆன்லைனில் போனது போக மீந்ததை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறது.

இந்த மனக்கசப்பு பெரிய கடைகளுக்கும் உண்டு. 2024 ஏப்ரலில் தென்னிந்தியச் சில்லறை விற்பனையாளர் சங்கம், மே 1 முதல் சுமார் 4,500 கடைகளில் ஒன்பிளஸ் விற்க மாட்டோம் என்று கம்பெனிக்கே கடிதம் எழுதியது. மார்ஜின் குறைவு, வாரண்டி க்ளெய்ம் தாமதம், வேறு பொருளையும் சேர்த்து எடு என்று கட்டாயம், இவைதான் புகார்கள். இரண்டு பீஸ் கடைக்காரர் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள், 4,500 கடை கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள்.

ஆன்லைனில் மட்டும் வரும் போன் என்றால் நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. போனை அங்கே வாங்கிவிட்டு பவுச்சுக்கும் கிளாஸுக்கும் நம்மிடம்தான் வருகிறார்கள். அந்த மாடலுக்கான பேக் கவரும் கிளாஸும் முதல் விற்பனை நாளிலேயே கடையில் தொங்க வேண்டும். போன் விற்றுக் கிடைப்பதைவிட சதவீதக் கணக்கில் இதில் அதிகம் நிற்கும் என்பதை வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

"நான்கு விநாடியில் விற்றுத் தீர்ந்தது" என்று போஸ்டர் வந்தால் அசந்துவிடாதீர்கள். 2014 செப்டம்பரில் ரெட்மி 1எஸ் 5,999 ரூபாய்க்கு வந்தபோது 40,000 போன் 4.2 விநாடியில் போனது என்றார்கள். அதில் பார்க்க வேண்டிய எண் 4.2 இல்லை, 40,000. இந்தியா முழுவதற்கும் வைத்தது அவ்வளவுதான், கிடைக்காதவன் அடுத்த வாரமும் வந்து வரிசையில் நின்றான். இந்தப் பசி நிஜம், ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. நம்மைப் பொறுத்தவரை அர்த்தம் இது: கிடைக்காத போனைக் கேட்டு வருகிறவருக்கு அதே விலையில் காட்ட வேறொரு மாடல் கையில் இருக்க வேண்டும்.

அறிவிப்புக்கும் விற்பனைக்கும் நடுவில் எத்தனை நாள்? ஐபோனை 2007 ஜனவரி 9 அன்று காட்டிவிட்டு ஜூன் 29 அன்றுதான் விற்றார்கள். ஆப்பிளுக்கு அது சரிப்பட்டது, ஏனென்றால் படுத்துப்போக அவர்களிடம் பழைய போன் எதுவும் கிடையாது. நோக்கியாவுக்கு இருந்தது. 2011 பிப்ரவரியில் இனி விண்டோஸ் போன்தான் என்று அறிவித்தார்கள், முதல் லூமியா அக்டோபரில்தான் காட்டப்பட்டது, நடுவில் அத்தனை மாதமும் சிம்பியன் என்ற பழைய மென்பொருளில் ஓடும் போனை விற்க வேண்டிய கடைக்காரன் நிலையை நினைத்துப் பாருங்கள். ஜியோபோன் நெக்ஸ்ட்டை 2021 ஜூனில் அறிவித்து, செப்டம்பர் 10 என்று தேதி சொல்லி, கடைசியில் தீபாவளிக்கு 6,499 ரூபாயில் கொண்டுவந்தார்கள். எதிர்பார்ப்பு அதற்குள் ஆறிவிட்டது. ஆகவே இடைவெளி நீளம் என்று தெரிந்தால், புதியதற்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அதே பிராண்டின் பழைய மாடலைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது காலி செய்துவிடுங்கள். புதியதைக் கேட்டு வருகிறவன் பழையதைத் தொடக்கூட மாட்டான்.

அவசரமாக வருவதும் ஆபத்துதான். சாம்சங் நோட் 7 இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு 2016 செப்டம்பர் 2 அன்று விற்பனைக்கு வருவதாக இருந்தது. அதே நாளில்தான் பேட்டரி தீப்பிடிக்கிறது என்று உலகம் முழுக்கத் திரும்பப் பெற ஆரம்பித்தார்கள், அக்டோபரில் மாடலையே நிறுத்திவிட்டார்கள். சாம்சங்குக்கே இது நடந்தது. எந்தப் பிராண்டாக இருந்தாலும் முதல் லாட்டில் உங்கள் மனசு சொல்லும் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு எடுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

நாள் பார்ப்பது. ஆன்லைன்காரர்கள் தீபாவளிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே பெரிய விற்பனையைத் தொடங்கிவிடுவார்கள். அதற்குச் சற்று முன் வெளியாகும் மாடலுக்கு அந்த விற்பனையில் ஒரு சலுகை நிச்சயம் காத்திருக்கிறது, அதனால் செப்டம்பரில் வரும் போனில் குறைவாக எடுங்கள். நம் பக்கம் திருப்பூர் கம்பெனிகள் போனஸ் போடும் வாரம்தான் உண்மையான திருவிழா, அந்த வாரத்தில் பையன்கள் ரொக்கத்தோடு வருவார்கள், வந்த கையோடு போன் வேண்டும், நாளைக்கு டெலிவரி என்ற பேச்சே அவர்களிடம் எடுபடாது. ஜூனில் காலேஜ் சேரும் பிள்ளைகள், பொங்கலுக்குக் கொஞ்சம். உங்கள் ஊருக்கு எது என்று போன வருட பில் புத்தகத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

கடைசியாக, பிரைஸ் டிராப் பாதுகாப்பு, அதாவது விலை இறங்கினால் கையிலிருக்கும் சரக்குக்கு வித்தியாசத்தைக் கம்பெனி திருப்பித் தருவது. சில வருடம் முன்பு ஒரு பிராண்டில் பன்னிரண்டு பீஸ் எடுத்தேன், மூன்றாவது வாரம் விலை இறங்கியது. வித்தியாசம் வந்துவிடும் என்று ஏரியா ஆள் வாயால் சொன்னார். அப்புறம் அவர் வேலை மாறிவிட்டார், புது ஆளுக்கு ஒன்றும் தெரியாது, அந்தப் பணத்தை நம் கணக்கில் வரவு வைக்கும் கிரெடிட் நோட் இன்றுவரை வரவில்லை. அதற்குப் பிறகு நான் ஆர்டர் போடும் முன் வாட்ஸாப்பில் மூன்று கேள்வி அனுப்புகிறேன்: விலை இறங்கினால் எத்தனை நாளைய சரக்குவரை வித்தியாசம் கிடைக்கும், ஆக்டிவேட் ஆகாத போன்களின் ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்) லிஸ்ட் யாருக்கு எப்போது அனுப்ப வேண்டும், கிரெடிட் நோட் எந்தத் தேதிக்குள் வரும். பதில் எழுத்தில் வராதவரை பணம் போடுவதில்லை. இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், பரவாயில்லை.

சரக்கு வந்த பிறகு தினமும் எத்தனை போனது என்று குறித்து வாருங்கள். இரண்டாவது வாரம் முதல் வாரத்தில் பாதிக்குக் கீழே இறங்கினால், மீதியை வைத்துக்கொண்டு நல்ல நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். டீலர் வாட்ஸாப் குரூப்பில் டீலர் விலைக்கே போட்டுவிடுங்கள், தாராபுரத்திலோ உடுமலையிலோ யாருக்காவது அன்றைக்கு ஒரு கஸ்டமர் உட்கார்ந்திருப்பார்.