பெரியப்பா கட்டிய டிராக்டரைப் பிரிப்பதற்கு முன்

பெரியப்பா லேத் வேலை தெரிந்தவர். ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், அடுத்தடுத்து இரண்டு கார் கியர்பாக்ஸ், ஒரு கார் ஆக்சில், மீதிக்கெல்லாம் இரும்புச் சேனல் என்று ஒரு டிராக்டரைத் தானே கட்டினார். பதினொரு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அதை ஓட வைக்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் என் அவசரத்தால் போனது.

இன்ஜினின் ஒரு காலுக்கு அடியில் மட்டும் 3 மில்லிமீட்டர் தகடு இருந்தது. கையில் கிடைத்ததைச் செருகியிருக்கிறார் என்று நினைத்துத் தூக்கிப் போட்டேன். அப்புறம் பெல்ட் புல்லியில் நிற்கவே இல்லை. புது பெல்ட், புது புல்லி, எதுவும் உதவவில்லை. கடைசியில் இரண்டு புல்லியின் முகத்திலும் படும்படி நூல் கட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சட்டம் பற்றவைத்த சூட்டில் முறுக்கியிருந்தது. தகடு அதைச் சரிக்கட்டத்தான்.

ஆகவே, ஸ்பேனரைத் தொடும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வாஷரும் எந்தப் பக்கம் இருந்தது என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். விநோதமாகத் தெரிவதற்கு இரண்டு சீட்டு.

இன்ஜின் ஜாமாகியிருந்தால் வண்டியை இழுத்துச் சுற்ற வைக்காதீர்கள். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றி, டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சரிபாதி கலந்து சிலிண்டரில் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் போதும், என்றைக்காவது அசையும். அசைந்ததும் இன்ஜெக்டரை மாட்டிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். நன்றாகச் சுற்றி வெளியேற்றிவிட்டு, இன்ஜின் ஆயிலையும் மாற்றுங்கள்.

பேரிங் பற்றிக் கவலை வேண்டாம். ஓரத்தில் 6205 என்று இருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர்; யார் செய்தாலும் அதே அளவுதான். டீசல் டேங்க் ஓட்டையானால் மட்டும் நீங்களே பற்றவைக்காதீர்கள். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவியே வெடிக்கும்.

பின் கியர்பாக்ஸில் முதல் கியர் விழாதபடி ஒரு இரும்புத் துண்டைப் பற்றவைத்திருந்தார். அதை வெட்டி எடுக்க கிரைண்டரோடு உட்கார்ந்தபோது பெரியம்மா வந்தார்.

"அதைத் தொடாதடா. ரெண்டு தடவை ஆக்சில் முறிஞ்சப்புறம்தான் அதை வெச்சாரு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் முதல் கியர் விகிதம் 3.5 என்றால், இரண்டும் பெருகி முறுக்குவிசை 12 மடங்கைத் தாண்டும். கார் ஆக்சில் எப்படித் தாங்கும்? பிரித்துப் பார்த்தால், இருந்த ஆக்சிலிலும் நுனியில் கியருக்குள் பொருந்தும் பல்வரிசை லேசாகத் திருகியிருந்தது. மாற்றினேன். உங்கள் வண்டியிலும் இரண்டு கியர்பாக்ஸ் இருந்தால் முதலில் அந்தப் பல்வரிசையைப் பாருங்கள். வண்டி ஓடிய காலத்தில் பக்கத்தில் இருந்தவர்களையும் கேளுங்கள். நான் பெரியம்மாவை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் ஃபில்டரைக் கழற்றி, காற்றுக்குழாய் வாயை மூடும் அளவுக்குப் பலகையோடு ஒருவரை நிறுத்துங்கள். டீசல் இன்ஜின் கட்டுமீறி ஓடினால் காற்றை அடைப்பதுதான் நம்பகமான வழி. எங்கள் வீட்டில் பலகையைப் பிடித்து நின்றது பெரியம்மாதான். இன்ஜின் சீராக ஓட ஆரம்பித்து வெகுநேரம் ஆகியும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை.